மாஸ்க் அசையவில்லை

வணக்கம் சார்,

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் ஆபரேஷன் தியேட்டர் நாட்களைப் பற்றி எழுதுவதை விடாமல் படிப்பேன். ஹாஸ்டல் கட்டில் கம்பியில் நூலைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகுகிறேன். ஆனால் யூனிட்டில் இதுவரை கிடைத்தது பெரும்பாலும் ரிட்ராக்டர், அதாவது வெட்டிய இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவியைப் பிடிக்கும் வேலைதான். போன மாதம் ஒரு மாநாட்டில் ஏ.ஐ. பொருத்திய சிமுலேட்டரில், திரையில் அறுவை சிகிச்சையைப் பழகும் இயந்திரத்தில், உட்கார வைத்தார்கள். என் ஒவ்வொரு அசைவுக்கும் அது மதிப்பெண் போட்டது. ஆசிரியர்கள் இரண்டு வருடமாகச் சொல்லாததைப் பத்து நிமிடத்தில் சொன்னது. இனிமேல் ஆசிரியர் எதற்கு என்று தோன்றியது. கூடவே ஒரு பயமும் வந்தது. அதை நம்பியே பழகினால், அது இல்லாத இடத்தில் என் கை வேலை செய்யுமா?

பெயர் வேண்டாம் சார்.

---

அன்புள்ள டாக்டருக்கு,

அந்த ரிட்ராக்டர் வரியிலேயே நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இரண்டு வருடமாக ஒரு பி.ஜி.யின் கையை யாரும் பார்க்கவில்லை என்றால், இயந்திரம் பார்த்ததும் சந்தோஷம் வரத்தான் செய்யும். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

சிமுலேட்டரை விளையாட்டுச் சாமான் என்று சொல்லும் சீனியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் உங்களைப் போல அறுவை சிகிச்சைப் பயிற்சியில் இருந்த 16 ரெசிடென்ட்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை மட்டும் சிமுலேட்டரில் பழக்கிவிட்டு, எல்லோரையும் லேப்ராஸ்கோப்பியில், சிறு துளை வழியாகக் கேமரா விட்டு, பித்தப்பையைப் பிரித்தெடுக்க விட்டார்கள். 2002இல் வெளிவந்த ஆய்வு அது. பழகியவர்கள் 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் கிழிப்பதற்கோ பக்கத்துத் திசுவைச் சுடுவதற்கோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. அப்போது ஏ.ஐ. பேச்சே கிடையாது. நோயாளியின் வயிற்றில் செய்யும் தப்பை முதலில் திரையில் செய்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

ஏ.ஐ. பற்றிக் கேட்டால், கனடாவில் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகம் செய்துவரும் வேலையைத்தான் சொல்வேன். ஒரே குழு வருடக்கணக்காகத் தன் முடிவையே திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்திருக்கிறது. மூளைக்கட்டியை எடுக்கும் சிமுலேட்டர் அது. ஒரு கையில் ரத்தக்கசிவை நிறுத்தும் பைபோலார், மறு கையில் கட்டியை உறிஞ்சும் கருவி. அழுத்தினால் திசு எதிர்த்து அழுத்துவது கையில் தெரியும். 2019இல், அனுபவமுள்ள நியூரோ சர்ஜன்கள் முதல் மருத்துவ மாணவர்கள் வரை 50 பேரின் அசைவுகளைக் கொடுத்தபோது, யார் எந்தப் படியில் இருக்கிறார் என்பதை அல்காரிதம் 90 சதவீதம் சரியாகச் சொன்னது.

அடுத்து அதையே ஆசிரியர் ஆக்கினார்கள். 70 மாணவர்கள், மூன்று குழு. ஒரு குழுவுக்கு ஏ.ஐ., ஒரு குழுவுக்கு மனித ஆசிரியர், ஒரு குழுவுக்கு யாரும் இல்லை. 2022இல் வந்த முடிவில் ஏ.ஐ. குழுதான் முந்தியது. கோவிட் காலம் என்பதால் ஆசிரியர்கள் தூரத்திலிருந்து திரை வழியாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனாலும் முடிவு முடிவுதான்.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடந்ததுதான். ஜெயித்த அந்தச் சோதனையின் பதிவுகளையே மறுபடி எடுத்து, நாம் சொல்லிக்கொடுக்காதது ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடினார்கள். மாறியிருந்தது. ஏ.ஐ. கவனித்தது சில அளவுகளை மட்டும்: ரத்தக்கசிவு, அழுத்தும் விசை, இரண்டு கருவிகளின் முனைகளுக்கு நடுவே உள்ள தூரம், இப்படி. மாணவர்கள் அவற்றில் தேறினார்கள், பத்திரமாகச் செய்தார்கள். ஆனால் கை மெதுவாகிவிட்டது, கட்டியை எடுக்கும் வேகமும் குறைந்துவிட்டது. எதற்கு மதிப்பெண் உண்டோ அதற்கேற்ப உடம்பு தன்னை மாற்றிக்கொண்டது. இதை மறைக்காமல் 2023இல் அவர்களே வெளியிட்டார்கள்.

2025இல் இன்னொரு சோதனை, 87 மாணவர்களோடு. ஒரு குழுவிடம் ஏ.ஐ. நேரடியாகப் பேசியது. இன்னொரு குழுவிடம் அதே வாக்கியங்களை எழுத்து மாறாமல் ஓர் ஆசிரியர் சொன்னார். மூன்றாவது குழுவில், ஏ.ஐ. காட்டும் தவறை ஆசிரியர் பார்த்து, அந்த மாணவருக்கு ஏற்ற மாதிரி தன் வார்த்தையில் சொன்னார். மூன்றாவது குழுதான் நன்றாகச் செய்தது. உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதிலை என்னால் தர முடியாது.

என் முதல் ஹெர்னியா கேஸ் ஞாபகம் வருகிறது. திசுவைப் பிடிக்கும் ஃபோர்செப்ஸை இறுக்கிப் பிடித்திருந்தேன். எதிரே நின்ற சீஃப் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒரு விரலால் என் மணிக்கட்டை லேசாகத் தூக்கி, “மூச்சை விடுப்பா” என்றார். மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என் மாஸ்க் அசையாததை அவர் கவனித்திருக்கிறார். மூச்சு விட்டதும் பிடி தானாகத் தளர்ந்தது. சிமுலேட்டராக இருந்தால் ‘விசை அதிகம்’ என்று சொல்லியிருக்கும். அதுவும் சரிதான். ஆனால் நான் விசையைக் குறைக்க முயன்று இன்னும் இறுகியிருப்பேன்.

வேறோர் ஆசிரியரும் இருந்தார். ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் விரல் முட்டியில் தட்டுவார், எது தப்பு என்று மட்டும் சொல்லவே மாட்டார். அவரோடு ஒப்பிட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பேன்.

உங்கள் பயம் நியாயமானது. போலந்தில் நான்கு மையங்களில் கொலனோஸ்கோப்பிக்கு, அதாவது பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும் பரிசோதனைக்கு, ஏ.ஐ. துணை வந்தது. வந்த பிறகு, அந்தத் துணை இல்லாமல் செய்த பரிசோதனைகளைப் பார்த்தபோது, புற்றுநோயாக மாறக்கூடிய அடினோமா கட்டிகளைக் கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆக இறங்கியிருந்தது. அவர்கள் மாணவர்கள் இல்லை, கை தேர்ந்தவர்கள். ஒரே ஓர் ஆய்வு, அதுவும் முந்தைய பதிவுகளை வைத்துச் செய்தது, அதனால் இறக்கத்துக்கு ஏ.ஐ.தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் எனக்கு அன்று இரவு தூக்கம் சரியாக வரவில்லை. வருடக்கணக்காகப் பழகிய கண்ணுக்கே இப்படி என்றால், இன்னும் பழகாத கண்ணுக்கு?

அதனால் இப்படிச் செய்யுங்கள். சிமுலேட்டர் கிடைக்கும்போதெல்லாம் உட்காருங்கள். ஒரு முறை மதிப்பெண்ணோடு, அடுத்த முறை திரையில் மதிப்பெண்ணை அணைத்துவிட்டு. அணைத்துவிட்டுச் செய்ததில் எங்கே தப்பு என்று முதலில் நீங்களே எழுதி வையுங்கள், அப்புறம் அது சொல்வதைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை உங்கள் அசிஸ்டென்ட் புரொஃபசரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். “சார், இந்த இடத்தில் நான் ஏன் நின்றேன்?” என்று கேளுங்கள். பார்க்க நேரமில்லை என்பார். மறுநாளும் போய்க் கேளுங்கள். அடுத்த ஹெர்னியாவில் தோல் தையலாவது தாருங்கள் என்றும் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.