வைரஸ் நம் செல்லுக்குள்ளேயே பெருகுகிறது என்றால், செல்லைக் கெடுக்காமல் அதை மட்டும் மருந்து எப்படித் தடுக்கிறது?

புரதம் தயாரிக்கும் ரைபோசோம், ஆற்றல், மரபணு இழையின் கட்டுமானக் கூறுகளான நியூக்ளியோடைடுகள் என அனைத்தையும் நம் செல்லிடமிருந்தே எடுத்துக்கொள்ளும் வைரஸ், தன் மரபணுத்தொகுதியை நகலெடுக்க மட்டும் பெரும்பாலும் தனக்கே உரிய நொதியைப் பயன்படுத்துகிறது. மருந்துக்குக் கிடைக்கும் இடைவெளி அதுதான். எடுத்துக்காட்டாக, எச்.ஐ.வி. தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றுவதற்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்னும் நொதியை நம்பியிருக்கிறது. 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிடோவுடின் என்னும் மருந்து அந்த நொதியைத்தான் தாக்கியது.

ஆனால் இந்த உத்தியின் அழகை முழுமையாகக் காட்டுவது, ஹெர்பீஸ் என்னும் வைரஸ் தொற்றுக்குத் தரப்படும் அசைக்ளோவிர் என்றே நான் கருதுகிறேன். அமெரிக்க மருந்து ஆய்வாளர் ஜெர்ட்ரூட் எலியனின் குழு உருவாக்கிய இம்மருந்து, டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான குவானினைத் தாங்கிய போலி நியூக்ளியோசைடு, அதாவது பாஸ்பேட் சேராத நியூக்ளியோடைடின் போலி. உட்கொள்ளும் வடிவில் அது செயலற்றது; மூன்று பாஸ்பேட்டுகள் சேர்ந்தால்தான் வேலை செய்யும். முதல் பாஸ்பேட்டைச் சேர்ப்பது ஹெர்பீஸ் வைரஸின் தைமிடின் கைனேஸ் நொதி. நம் செல்லின் நொதிகள் அந்த முதற்படியை மிக அரிதாகவே செய்கின்றன. ஆகவே, தொற்றிய செல்லில்தான் மருந்து பெருமளவில் விழித்தெழுகிறது. பின்னர் டி.என்.ஏ. இழையை நகலெடுக்கும் வைரஸின் நொதியான பாலிமரேஸ் அதை உண்மையான எழுத்தென எண்ணி வளரும் இழையில் கோக்கிறது. அடுத்த எழுத்தைப் பிணைக்கத் தேவையான ஹைட்ராக்சில் தொகுதி அதில் இல்லாததால் இழை அங்கேயே நின்றுவிடுகிறது. தன்னைத் தடுக்கும் மருந்தைத் தானே முடுக்கிவிடும்படி வைரஸைச் செய்த இந்த வேதியியல் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. எலியன் 1988இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எதிர்ப்புத்திறனும் இதே இடத்தில்தான் பிறக்கிறது: அசைக்ளோவிரை எதிர்க்கும் ஹெர்பீஸ் வைரஸ்களில் பெரும்பாலானவை தைமிடின் கைனேஸை இழந்தவை அல்லது மாற்றிக்கொண்டவை. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸோ பிழைகளைத் திருத்துவதே இல்லை; அதனால் எச்.ஐ.வி.யில் திரிபுகள் இடையறாது தோன்றுகின்றன, ஒற்றை மருந்து விரைவில் பலனிழக்கிறது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதற்கு இதுவே காரணம். அவை அனைத்தையும் மீறத் தேவையான திரிபுகள் ஒரே வைரஸில் ஒருங்கே அமைவது மிகக் கடினம்.

கொரோனா வைரஸ் இன்னும் சிக்கலானது. ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட தன் ஆர்.என்.ஏ.வைக் காக்க, தவறாகக் கோக்கப்பட்ட எழுத்தை வெட்டியெறியும் நொதி அதனிடம் உண்டு. கொரோனாவுக்கு எதிரான ரெம்டெசிவிர் மருந்தும் ஒரு போலி எழுத்துதான்; ஆனால் அது கோக்கப்பட்டதும் இழை உடனே நிற்பதில்லை. மேலும் மூன்று எழுத்துகள் சேர்ந்த பிறகே தடைபடுகிறது. அதற்குள் போலி எழுத்து இழையின் முனையிலிருந்து உள்ளே தள்ளப்பட்டுவிடுவதால், அந்தத் திருத்தும் நொதியிடமிருந்து மருந்து ஓரளவு தப்பிக்கிறது.