அப்பாவின் கால் புண்ணுக்கு லேசரா, சாக்ஸா?

கேள்வி: மண்டபத்தில் விசைப்படகுக்குப் போகும் என் அப்பாவுக்கு வயது 58. இடது காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, கணுக்காலின் உள்பக்கம் வந்த புண் ஆறு மாதமாக ஆறவில்லை. சர்க்கரை இருக்கிறது, பீடியும் விடவில்லை. மதுரையில் லேசர் வைத்தால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார்கள். ராமநாதபுரத்தில் இறுக்கமான சாக்ஸ் போட்டாலே போதும் என்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

இரண்டில் எதைச் செய்வதற்கு முன்பும் அப்பாவின் பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையும் பீடியும் சேர்ந்த காலில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய் (நீங்கள் சுருட்டிக்கொண்ட நரம்பு என்பது இதைத்தான்), அது மட்டும் கெட்டிருக்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாயான தமனியிலும் அடைப்பு இருந்தால், அந்தக் காலில் இறுக்கமான சாக்ஸ் மாட்டுவது வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரிப்பதாகும். சாக்ஸ் போட்டு விரல் கறுத்துப்போவது இப்படித்தான். "சும்மா பயமுறுத்தாதே, சாக்ஸ்தானே" என்று கீழே கருத்து எழுத வருபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கட்டும்.

வீட்டிலேயே சில அடையாளங்கள் தெரியும். காலைத் தூக்கித் தலையணை மேல் வைத்தால் வலி குறைகிறது, சாயங்காலம் வீக்கம் கூடுகிறது, கணுக்காலைச் சுற்றித் தோல் கறுத்துத் தடித்திருக்கிறது என்றால் சிரைக் கோளாறு. ராத்திரி வலியில் எழுந்து காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் நிம்மதி, பாதம் சில்லென்று இருக்கிறது, நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்றால் சில நிமிடத்தில் விடுகிறது என்றால் தமனி. புண் விரல் நுனியிலோ குதிகாலிலோ இருந்தாலும் தமனியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு உள்கணுக்காலில் இருப்பதால் சிரைப் புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் இரண்டும் சேர்ந்த கால்களும் உண்டு.

உறுதிப்படுத்த ஒரு எளிய சோதனை இருக்கிறது. பத்து நிமிடம் மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு கையிலும் பிரஷர் பார்த்து, அதில் அதிகமானதை எடுத்துக்கொள்வார்கள். பிறகு கணுக்காலுக்கு மேலே பட்டையைக் கட்டி, கையடக்க டாப்ளர் கருவியால் பாதத்தின் மேல்பக்கத்திலும் உள்கணுக்கால் எலும்புக்குப் பின்னாலும் நாடியைக் கேட்டு, அங்கேயும் அதிகமானதை எடுப்பார்கள். கணுக்கால் எண்ணைக் கை எண்ணால் வகுக்க வேண்டும். கையில் 140, கணுக்காலில் 98 என்றால் 0.7. 0.9க்குக் கீழே வந்தால் தமனியில் அடைப்பு. 0.8க்குக் குறைந்தால் முழு இறுக்கச் சாக்ஸ் வேண்டாம். 0.5க்குக் குறைந்தால் எந்த இறுக்கமும் கூடாது, உடனே ரத்தநாள மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு எச்சரிக்கை: சர்க்கரை உள்ளவர்களுக்குத் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டை எவ்வளவு அழுத்தியும் அமுங்காமல், எண் 1.3, 1.4 என்று ஏறிக் காட்டும். அதை "நல்ல ரத்த ஓட்டம்" என்று எழுதிக் கொடுத்தால் ஏற்காதீர்கள். கால் பெருவிரலில் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது கலர் டாப்ளர் ஸ்கேன். தமனிக்குப் படுத்தபடி பார்க்கலாம். சிரைக்கு நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். உடல் பாரத்தை மற்றக் காலில் போடச் சொல்லி, கெண்டைக்காலை அமுக்கி விட்டதும் ரத்தம் கீழ்நோக்கித் திரும்புகிறதா என்று பார்ப்பார்கள். தோலுக்கு அடியில் ஓடும் மேல்சிரையில் அது அரை நொடிக்கு மேல் நீடித்தால், ரத்தத்தைத் திரும்பவிடாமல் தடுக்கும் வால்வு போய்விட்டது என்று பொருள்; கசிவு என்பது இதுதான். படுக்க வைத்தே இரண்டு நிமிடத்தில் முடித்துத் தரும் ரிப்போர்ட்டை வைத்து லேசருக்குத் தேதி குறிக்காதீர்கள். ரிப்போர்ட்டில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: கவட்டையில் மேல்சிரை, தசைக்குள் ஓடும் ஆழ்சிரையோடு சேருமிடத்தில் கசிவு உண்டா, தொடையில் அந்தச் சிரையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஆழ்சிரை அடைப்பில்லாமல் திறந்திருக்கிறதா, புண்ணுக்கு அடியில் கசியும் இணைப்புச் சிரை ஏதும் உண்டா. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். பழைய ரத்தக்கட்டியால் ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மேலே உள்ள சிரைதான் மாற்றுப் பாதை. அதையும் மூடினால் கால் இன்னும் வீங்கும்.

இவ்வளவும் பார்த்து, தமனி நன்றாக இருந்து, கசிவும் உறுதியானால், கெட்ட சிரையைச் சூட்டால் மூடிவிடும் லேசர் நல்ல வழி. தயங்க வேண்டியதில்லை. நிற்க வைத்து மார்க்கர் பேனாவால் சிரையை வரைந்துகொள்வார்கள். முட்டிக்குப் பக்கத்தில் ஊசி வழியாக லேசர் இழையை ஏற்றி, கவட்டைச் சந்திக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் கீழே நிறுத்துவார்கள். பிறகு சிரையைச் சுற்றி நெடுக, மரப்பு மருந்து கலந்த குளிர்ந்த சலைன் ஏற்றுவார்கள். நீளத்தைப் பொறுத்து 300 முதல் 500 மில்லி வரை போகும். நோயாளிக்கு நினைவில் நிற்பது இந்த ஊசிக் குத்துகள்தான். ஆனால் இந்தத் தண்ணீர்ப் படலம்தான் தோலையும் உணர்வு நரம்பையும் சூட்டிலிருந்து காக்கிறது. இதில் கஞ்சத்தனம் செய்தால் தோல் பொசுங்கும், கணுக்காலின் உள்பக்கம் மாதக்கணக்கில் மரத்துப்போகும். இப்போது பரவலாக உள்ள 1470 நானோமீட்டர் லேசரில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 60 முதல் 80 ஜூல் கொடுத்தபடி இழையை இழுத்து வருவார்கள். குறைந்தால் சிரை மூடாமல் மறுபடி திறக்கும்.

ரேடியோ அலைக் கருவியும் இதே வேலையைத்தான் செய்கிறது: 7 சென்டிமீட்டர் துண்டு துண்டாக, 120 டிகிரி, ஒவ்வொரு துண்டுக்கும் 20 நொடி. இரண்டில் எது என்பதைவிடச் செய்கிற கை எது என்பது முக்கியம். பசை வைத்து ஒட்டும் முறையில் சலைன் ஊசிகள் வேண்டாம். ஆனால் விலை அதிகம், சிலருக்கு ஒவ்வாமையால் சிரை நெடுகச் சிவந்து வீங்கும். நுரை மருந்தைச் சிரைக்குள் ஏற்றி மூடுவது மலிவு. ஒரு பங்கு மருந்து, நான்கு பங்கு காற்று, இரண்டு சிரிஞ்சுக்கிடையே மாற்றி மாற்றித் தள்ளி நுரையாக்குவார்கள். பெரிய சிரைக்கு இதை மட்டும் நம்பினால் திரும்பவும் போட வேண்டிவரும். புண்ணுக்கடியில் உள்ள சின்னச் சிரைகளுக்கு நன்றாக வேலை செய்யும்.

முடிந்ததும் படுத்துவிடக் கூடாது. அங்கேயே அரை மணி நேரம் நடக்க வேண்டும். மதுரையிலிருந்து மண்டபம் வருகிற வழியில் பரமக்குடியிலும் ராமநாதபுரத்திலும் வண்டியை நிறுத்தி நடக்க வைத்துக் கூட்டி வாருங்கள். ஒரு வாரத்துக்குள் திரும்ப ஸ்கேன் பார்த்து, ரத்தக்கட்டி கவட்டைச் சந்தி வழியாக ஆழ்சிரைக்குள் நீட்டியிருக்கிறதா என்று உறுதிப்படுத்த வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

லேசர் வைத்துவிட்டால் சாக்ஸ் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. புண் ஆறும்வரை கட்டோ சாக்ஸோ தொடர வேண்டும். 2018இல் வெளியான ஈவ்ரா என்ற பிரிட்டிஷ் ஆய்வில் 450 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. அதோடு உடனே சிரையை மூடியவர்களுக்குப் புண் ஆற எடுத்த நடுமதிப்பு 56 நாள், தள்ளிப்போட்டவர்களுக்கு 82 நாள். நம் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு கட்டிக் கிடக்கும் அந்த நாட்களின் தொடக்கத்திலேயே சிரையை மூடிவிட்டால் சம்பளம் போகாது, புண்ணும் கடல்நீரில் படாது. தடைக்காலம் தூரத்தில் இருந்தால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம், புண்தான் முக்கியம். திறந்த புண்ணோடு, அதுவும் சர்க்கரை உள்ளவர், உப்புத் தண்ணீரில் இறங்கவே கூடாது. கடல்நீரில் வாழும் விப்ரியோ கிருமி தசையை அரித்து, ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

சாக்ஸ் வாங்கும்போது "செருப்பு எத்தனாம் நம்பர்" என்று கேட்கும் கடையில் வாங்காதீர்கள். காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன், கணுக்காலின் ஒடுக்கமான இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் டேப் வைத்து அளந்து வாங்க வேண்டும். தடைக்கால வெயிலில் அரிக்கும், கழற்றச் சொல்லி அடம்பிடிப்பார். ராத்திரி படுக்கையில் கழற்றலாம், பகலில் கூடாது.

தமனியில் அடைப்பு என்று வந்தால் வரிசை மாறும். முதலில் ஆஞ்சியோ, அதாவது சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் படம் எடுத்து, தொடை வழியாகக் கம்பி செலுத்தி, பலூனால் விரித்து, தேவைப்பட்டால் ஸ்டென்ட் வைப்பார்கள். 1964இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் டாட்டர் முதன்முதலில் இப்படிக் குழாய் செலுத்தித் தமனியைத் திறந்ததே இதயத்தில் அல்ல, காலில்தான். சாயம் செலுத்துவதற்கு முன், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் அதைச் சொல்ல வேண்டும். பீடியை விடாமல் பலூன் வைப்பதில் பயன் குறைவு. இதை நான் கடுமையாகவே சொல்கிறேன்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தளத்தில் காலைப் பற்றி வருகிற கேள்விகள் பெரும்பாலும் அப்பாவுக்குத்தான். பாம்பன், தொண்டி, கீழக்கரைப் பக்கம் விடியற்காலையிலிருந்து ஏலக்கூடத்தில் நின்று, கூடை சுமந்து மீன் விற்கும் அம்மாக்களுக்கு இந்த நோய் குறைவே இல்லை. பிள்ளைப்பேறு ஒவ்வொன்றும் சிரை வால்வுக்குச் சுமை. சேலைக்கு அடியில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை. அப்பாவோடு அம்மாவையும் ஸ்கேனுக்குக் கூட்டிப் போங்கள்.

செலவு பற்றி: மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது, முதலில் அங்கே காட்டுங்கள். தனியார் என்றால் அட்மிட் ஆவதற்கு முன்பே முதலமைச்சர் காப்பீட்டு மேசையில் இரண்டு கேள்வி கேளுங்கள்: இந்தச் சிகிச்சைக்கு அந்த மருத்துவமனைக்கு அனுமதி உண்டா, லேசர் இழையின் விலை அதில் அடங்குமா. இழை ஒரு நோயாளிக்கு ஒன்று. உறை பிரிப்பதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லலாம், அதில் தவறேதும் இல்லை.