பாடப்புத்தகத்துக்கும் முதல் புத்தகத்துக்கும் நடுவே

அன்புள்ள ஐயா,

பொது நூலகம் ஒன்றில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் வகுப்பை நானும் நண்பர்கள் மூவரும் வாரம் ஒருநாள் நடத்துகிறோம். முதல் நாள் 14 பேர் வந்தார்கள். எட்டாவது வாரம் 5 பேர்தான். கரும்பலகை, பாடப்புத்தகம், அ தொடங்கி வரிசையாக எழுத்துகள் என்று நடத்துகிறோம். மிஞ்சிய ஐந்து பேரும் எழுத்துகளை ஓரளவு சொல்லிவிடுகிறார்கள். ஆனால் ஒருவர்கூட நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்துப் போகவில்லை. சிறுவர் பகுதியிலிருந்து எளிய கதைகளைக் கொடுத்தால் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். பிரேசில் நாட்டுக் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே 1963இல் அங்குள்ள அங்கிகோஸ் ஊரில் சுமார் 300 பேருக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்தார் என்று வாசித்தேன். எங்களுக்கு ஏன் முடியவில்லை?

பெயர் வெளியிட விரும்பாத தன்னார்வலர்

அன்புள்ள நண்பருக்கு,

அங்கிகோஸிலிருந்தே தொடங்குகிறேன். அந்த 40 மணி நேரம் பலரைத் தவறான கணக்குக்கு இழுத்துப் போயிருக்கிறது. பாடம் தொடங்கும் முன்பே மக்களின் பேச்சைக் கவனித்து, அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களைத் திரட்டுவது ஃப்ரெய்ரேயின் முறை. செங்கல்லைக் குறிக்கும் ‘திஜோலோ’ என்ற போர்த்துகீசியச் சொல் இதற்கு எடுத்துக்காட்டாக அடிக்கடி சொல்லப்படும். அதைத் தி, ஜோ, லோ என்று பிரித்து, ஒவ்வோர் அசையின் குடும்பத்தையும் (த, தெ, தி, தோ, து என்பதுபோல) எழுதிக் காட்டினால், அந்த அசைகளை மாற்றிக் கூட்டிப் புதுச் சொற்களைக் கற்பவர்களே உண்டாக்குவார்கள். 40 மணி நேரத்தில் கிடைப்பது இந்தத் திறப்பு. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் தடுமாறாமல் ஒரு பக்கத்தை வாசித்துப் பொருள் கொள்ள வேண்டுமானால் அதன்பிறகு நூற்றுக்கணக்கான மணி நேரம் பழக வேண்டும். அந்தப் பழக்கத்துக்கு ஏற்ற இடம் நூலகம். நீங்களோ நூலகத்துக்குள் ஒரு பள்ளிக்கூடம் நடத்துகிறீர்கள். சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஒன்பது பேர் நின்றுபோனதற்கு அவர்களுக்கு ஆர்வமில்லை என்பது காரணமாக இருக்காது. வாரம் ஒரு வகுப்பு என்றால் ஒன்றைத் தவறவிட்டவர் 14 நாள் கழித்துத்தான் வருகிறார். அதற்குள் கற்றதில் பாதி மறந்திருக்கும், வகுப்பும் வேறு பாடத்துக்குப் போயிருக்கும். வாரம் இருமுறை, ஒன்றரை மணி நேரம் வையுங்கள். ஒருவருக்கு ஒருவர் அல்லது இருவருக்கு ஒருவர் என்று உட்காருங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு போட்டு, விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். மூன்று வாரம் கழித்து வந்தாலும் அவருடைய இடம் அங்கே காத்திருக்க வேண்டும். ஒருவர் வராத அன்றே தொலைபேசியில் விசாரியுங்கள். ‘ஏன் வரவில்லை’ என்று ஆரம்பிக்காமல் ‘அடுத்து எந்த நாள் தோது’ என்று கேளுங்கள்.

எழுத்தைக் கையில் எடுப்பதற்கு முன் கண்ணைப் பாருங்கள். நாற்பதைத் தாண்டிய பலருக்கு வெள்ளெழுத்து, அதாவது கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் குறை, வந்திருக்கும். வாசிக்காதவருக்குக் கிட்டப் பார்க்கும் தேவை அதிகம் வராததால் அது தெரிந்தே இருக்காது. தாளை எட்டப் பிடிக்கிறார், எழுத்து தலையில் ஏறவில்லை என்கிறார், தலைவலி என்று எழுந்துவிடுகிறார். நாமும் அவருக்குப் படிப்பு வராது என்று முடிவுகட்டிவிடுகிறோம். +1, +1.5, +2, +2.5 பவர் என நான்கு வாசிப்புக் கண்ணாடிகளை மேசையில் வையுங்கள். தாளைச் சுமார் 40 செ.மீ. தூரத்தில் பிடித்து எது தெளிவாகத் தெரிகிறது என்று போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எதிலும் தெளிவில்லை என்றால் கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அச்செழுத்தின் அளவு 18 புள்ளிக்கு (பாயிண்ட்) குறைய வேண்டாம். விளக்கு தாளின் மேல் விழட்டும்.

247 எழுத்து என்று சொல்லி யாரையும் மிரட்டாதீர்கள். உயிர் 12, மெய் 18, மெய்யோடு சேரும் உயிர்க்குறிகள் 11, ஒரு புள்ளி, ஒரு ஆய்தம். உகர, ஊகார வரிசைகள் மட்டும் மெய்க்கு மெய் வடிவம் மாறும். மற்றவை ஒழுங்கானவை. வரிசையாகப் போனால் ஔ, ங வரிசை போன்ற அதிகம் வராத எழுத்துகளுக்கும் நாள் போய்விடும். அதோடு, வரிசையாக ஒப்பிப்பவர் நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டுக் கேட்டால் விழிப்பார். உங்கள் ஐந்து பேரிடமும் சோதித்துப் பாருங்கள். ட, ப, ம மூன்றையும் புள்ளியையும் துணைக்காலையும் (ா) மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படம், மடம், பட்டம், மட்டம், பாடம், மாடம் என்று முதல் நாளே ஆறு சொற்களை அவர் வாசித்துவிடுவார்.

தமிழில் தட்டுகிற இடங்கள் சில உண்டு. ‘கொ’வில் கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் சொல்ல வேண்டியதோ ககரத்தை. கொம்பு, உடல், கால் மூன்றையும் பென்சிலால் ஒரே வளையத்துக்குள் போட்டுக் காட்டினால் அது ஒரே எழுத்து என்பது பதியும். துணைக்காலும் ரகரமும் குழம்பும். இன்னொன்று, கல், பக்கம், தங்கம், பகல் நான்கிலும் ககரம் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. பெரியவர்கள் இதைக் கேட்பார்கள், கேட்டால் சரியான கேள்வி என்று ஒப்புக்கொள்ளுங்கள். சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லொலி, மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு நடுவிலும் அது இளகும் என்று சொல்லிவிட்டால் போதும். பேச்சில் அந்த விதியை அவர் ஏற்கெனவே தவறாமல் கடைப்பிடிக்கிறவர்தான்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தடை எழுத்து நடை. ‘வந்துவிட்டார்கள்’ என்பதைச் சரியாகக் கூட்டி வாசித்துவிட்டு என்னவென்று புரியாமல் உட்கார்ந்திருப்பார். அவர் பேசுவது ‘வந்துட்டாங்க’. இதைத் தாண்ட, அவர் வாயிலிருந்தே பாடம் எழுத வேண்டும். வேலையைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ ஐந்து வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னபடியே, அவர் பார்க்கும்போதே, பெரிய எழுத்தில் எழுதுங்கள். விரலால் தொட்டு நீங்கள் இருமுறை வாசியுங்கள், பிறகு சேர்ந்து வாசியுங்கள், பிறகு அவர் தனியாக. அடுத்து வாக்கியங்களைப் பட்டை பட்டையாக வெட்டிக் கலைத்து அடுக்கச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தை மட்டும் சொல் சொல்லாக வெட்டுங்கள். அவர் எடுக்கும் ஐந்து சொற்களை அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள். அடுத்த வகுப்பு அந்த ஐந்து அட்டைகளில் தொடங்கட்டும்.

இதில் தன்னார்வலர்கள் எல்லாருமே செய்யும் பிழை ஒன்று: எழுதும்போது கை தானாகத் திருத்திவிடும். ‘போயிட்டேன்’ என்றதை ‘போய்விட்டேன்’ என்று எழுதிய கணமே அது அவருடைய வாக்கியமாக இருப்பது நின்றுவிடுகிறது. மனப்பாடத்தில் சொல்வதற்கும் தாளில் இருப்பதற்கும் பொருந்தாமல் அவர் தன்னையே சந்தேகிப்பார். பத்துப் பதினைந்து பாடம் இப்படிப் போகட்டும். பிறகு அதே வாக்கியத்தின் எழுத்து நடையைப் பக்கத்தில் எழுதி இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். நடை மாற்றம் அப்போது ஒரு பாடமாக நிற்கும்.

இனி அந்த மேசையில் விட்டுப்போன சிறுவர் கதைகள். ஐம்பது வயதுக்காரர் கையில் முயல் கதையைக் கொடுத்தால் நீங்கள் அவரைக் குழந்தையாகப் பார்க்கிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் விதி வகுத்தார். புதிதாக வாசிக்க வந்த பெரியவருக்கான நூல் பெரும்பாலான நூலகங்களில் சிதறிக் கிடக்கிறது. நீங்கள் நாலு பேரும் இரண்டு நாள் உட்கார்ந்து இருக்கும் நூல்களிலிருந்தே 60 தேடி எடுங்கள்: படம் அதிகமுள்ள உடல்நலக் கையேடுகள், சமையல், தையல், வண்டி பழுதுபார்த்தல், ஊர்களின் புகைப்படத் தொகுப்புகள், சிறு வாழ்க்கை வரலாறுகள். வாக்கியத்தில் எட்டுச் சொல்லுக்கு மேல் போகாமல், புணர்ச்சியால் நீண்ட சொற்கள் குறைவாக இருக்கட்டும். 100 சொல்லை வாசிக்கும்போது ஐந்துக்கு மேல் தடுக்கினால் அது இப்போதைக்கு அவருக்குக் கடினம். முதுகில் ஒரு வண்ணப் பொட்டு ஒட்டுங்கள், ‘முதியோர் கல்வி’ என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பெயர்ப்பலகையின் கீழ் நிற்க யாரும் விரும்ப மாட்டார்கள். உறுப்பினர் அட்டையை முதல் நாளே கொடுக்கச் சொல்லி நூலகரிடம் கேளுங்கள். புத்தகம் கிழிந்தால் தண்டம் கட்ட வேண்டுமோ என்ற பயத்திலேயே பலர் எடுப்பதில்லை, அதையும் வாய்விட்டுப் பேசித் தெளிவாக்குங்கள்.

சிறுவர் நூல்களுக்கும் இடம் உண்டு. வீட்டில் குழந்தை இருப்பவரிடம் ஒரு படக்கதையைக் கொடுத்து, இரண்டு வகுப்புகளில் அதைத் தடங்கலில்லாமல் வாசிக்கப் பழக்கி, வீட்டில் குழந்தைக்கு வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். இப்போது அந்தப் புத்தகத்தால் அவருக்கு வெட்கம் கிடையாது. ஒரே பகுதியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது வாசிப்பின் ஓட்டத்தைக் கூட்டும் என்று வாசிப்பு ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் எழுதினார். குழந்தைகள் ஒரே கதையைப் பத்து முறை கேட்பார்கள் என்பதால் அந்தப் பயிற்சி தானாக நடந்துவிடும்.

தன்னார்வலர்களுக்கு ஒரே ஓர் அறிவுரை சொல்லவேண்டுமென்றால்: அவர் தடுக்கினால் ஐந்து நொடி வாயைத் திறக்காதீர்கள். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், ஐந்து நொடி நீளமானது. அதற்குள் பாதிப் பேர் தாமாகவே சொல்லிவிடுவார்கள். பொருள் மாறாத சிறு பிழையைக் கடந்துபோங்கள்.

கற்பவர்கள் சொன்ன பாடங்கள் பத்து சேர்ந்ததும் தட்டச்சு செய்து, தைத்து, அட்டை போட்டு, மற்ற நூல்களைப் போலவே பதிவெண் கொடுத்து அந்த 60 நூல்களோடு அடுக்கிலே வைக்கச் சொல்லுங்கள். அடுத்த அணிக்கு முதல் வாசிப்பு நூல் அதுதான். அவர்கள் பேசும் மொழியில், அவர்களுக்குத் தெரிந்த வாழ்க்கையைப் பற்றி, வேறெங்கும் அப்படியொன்று கிடைக்காது.

அதற்கு முன்னால், போன ஒன்பது பேரையும் இந்த வாரமே கூப்பிடுங்கள். பாடத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். எதைப் படிக்கத் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று கேளுங்கள். மருந்துச் சீட்டு, போனில் வரும் செய்தி, பிள்ளையின் பள்ளி அறிவிப்பு, ஒரு பாட்டுப் புத்தகம், எதைச் சொன்னாலும் அதை அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி, அவர் வரும் நாளில் அந்தத் தாளையே மேசையில் எடுத்து வையுங்கள்.