மஞ்சள் பட்டை இருந்தாலே கதண்டா? முதலில் கூட்டைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் வீடு பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில். சில வாரங்களாகக் கொல்லையில் பெரிய பெரிய குளவிகளாக வருகின்றன. ஜன்னலுக்கு மேலே ஒன்று மண்கூடு கட்டியிருக்கிறது. எருக்குழிக்கு மேல் நாலைந்து தாழப் பறக்கின்றன. இன்னொன்று கறுப்பாக, வயிற்றில் மஞ்சள் பட்டையோடு பப்பாளி மரத்துக்கு வந்துபோகிறது. பூச்சி மருந்து அடிக்கும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாமே கதண்டுதான், மொத்தமாக அடிக்க 7,000 ரூபாய் ஆகும்" என்கிறார். வீட்டில் நாலு வயதுப் பேரன் இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: அம்மா, முதல் வேலையாக அந்த ஆளுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். கதண்டு என்பது கூட்டமாக வாழ்ந்து கூட்டாகக் கொட்டும் பெரிய குளவி; நீங்கள் சொன்ன மூன்றில் இரண்டு கதண்டே இல்லை. மூன்றாவது கதண்டாகத்தான் தெரிகிறது. ஆனால் அது உங்கள் கொல்லையில் குடியிருக்கிறதா, சும்மா வந்துபோகிறதா என்பது வேறு கேள்வி. அதை இன்று சாயங்காலம் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

நிறத்தை வைத்து அடையாளம் காணப் போகாதீர்கள். கறுப்பும் மஞ்சளும் பாதிக் குளவிகளுக்குப் பொது. உங்களுக்கு உதவப்போவது கூடுதான். எதனால் கட்டியிருக்கிறது, மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா, எத்தனை பேர் வந்துபோகிறார்கள் என்று பாருங்கள். இது தெரிந்தால் பயப்பட வேண்டியது எது என்பதும் தெரிந்துவிடும்.

ஜன்னலுக்கு மேலே இருப்பது மண்ணால் ஆனது என்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கணமே கவலையை விடலாம். கதண்டு மண்ணால் வெளியே தெரிகிற மாதிரி கூடு கட்டாது. மண்ணில் கட்டுவது தனியாக வாழும் குளவி; அதற்குக் கூட்டமும் கிடையாது, காவலும் கிடையாது. உருளை உருளையாக அறைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி மேலே மண்ணைப் பூசியிருந்தால் அது சிலந்தி பிடிக்கும் மண்குளவி. அதன் ஒரு இனத்துக்கு மதராசப்பட்டினத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள்: செலிஃப்ரான் மதராஸ்பட்டானம். வாய் குறுகிய சின்னக் குடமாக இருந்தால் அது புழு பிடிக்கும் பானைக்குளவி. காலி அறையின் கூரையிலிருந்து ஒரு மெல்லிய இழையில் முட்டையைத் தொங்கவிடும். பிறகு பச்சைப் புழுக்களைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து அடைத்து, வாயை மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும். புழுவைக் குளவி கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே ஆக்கிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பேச்சு பிறந்தது இந்தக் கூட்டிலிருந்துதான். உள்ளே போன புழு, முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்குத் தீனி. மூடிய கூட்டை ஈர்க்குச்சியால் கிளறிப் பாருங்கள். அசையாமல் ஆனால் அழுகாமல் கிடக்கும் புழுவோ சிலந்தியோ இருக்கும். உயிரோடுதான் இருக்கும், நகர முடியாது.

வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்று அதைக் கலைக்காமல் விட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். நம்பிக்கை எப்படியோ, செய்த காரியம் சரி. கையில் வைத்து நசுக்கினாலொழிய இந்தக் குளவி கொட்டாது. இதற்கு மருந்தடிக்க ஒரு பைசா கொடுப்பதும் வீண்.

எருக்குழி மேல் தாழப் பறப்பவையும் அப்படித்தான். உடம்பெல்லாம் முடியாக, இறக்கை நீலக்கறுப்பாக மின்னும். சிலவற்றின் வயிற்றில் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். அதைத்தான் பட்டை என்று சொல்லிப் பயமுறுத்துவார்கள். எருவுக்குள் இருக்கும் வண்டுப் புழுக்களைத் தோண்டித் தேடி, அவற்றின் மேல் முட்டையிடுவதுதான் இதன் வேலை. தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டின் புழு வளர்வதும் எருக்குழியில்தானே? 2018 கஜா புயலில் தென்னையைப் பறிகொடுத்த பகுதி உங்களுடையது. சாய்ந்த மரங்களின் மட்கிய அடிக்கட்டைகளில் அந்த வண்டு எப்படிப் பெருகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தின்று குறைக்கும் குளவியைக் காசு கொடுத்துக் கொல்லச் சொல்கிறார் அந்த ஆள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

மாட்டுக் கொட்டகையிலோ படிக்கட்டின் அடியிலோ, உறை எதுவும் இல்லாமல் அறைகள் வெளியே தெரிகிற சின்னக் காகிதத் தட்டு தொங்கினால், அது வேறு குளவி. செம்பழுப்பாக, ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக இருக்கும். ரோப்பலிடியா மார்ஜினேட்டா என்ற இந்தக் குளவியைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். கூட்டை இடித்தால் கொட்டும், வலிக்கும். பேரன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் மட்டும் அகற்றுங்கள்.

இனிக் கதண்டுக்கு வருவோம். தமிழ்நாட்டில் நாம் கதண்டு என்று சொல்வது பெரும்பாலும் வெஸ்பா டிராபிகா என்ற இனம். இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம்; ராணி இன்னும் பெரிது. உடம்பு கருமை, வயிற்றின் முன்பகுதியில் ஒரே ஒரு அகலமான மஞ்சள் பட்டை, அதற்குப் பின்னால் நுனிவரை மறுபடி கருமை. மண்குளவிக்கு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே நூலாக நீண்ட இடுப்பு தெரியும். கதண்டுக்கு இரண்டும் நெருங்கி ஒட்டினாற்போல் இருக்கும். இலங்கையில் ஆட்களை அதிகம் கொட்டும் வெஸ்பா அஃபினிஸ் என்ற இன்னொரு இனத்துக்கும் பட்டை ஒன்றுதான், ஆனால் அது இன்னும் முன்னால் தள்ளி, வயிற்றின் முதல் இரண்டு கண்டங்களையும் பிடித்திருக்கும். கூடு மரத்தில் இருந்தால் தப்பாமல் தெரியும்: மரநாரை மென்று செய்த சாம்பல்–பழுப்புக் காகித உறை, வரிவரியாக, முழுக்க மூடியிருக்கும், போகவர ஒரு ஓட்டை. தென்னை, பனை உச்சியில் இப்படி இருந்தால் தேங்காய் பறிக்கவோ மட்டை கழிக்கவோ ஆளை ஏற்றாதீர்கள். சாவு விழுவது இந்த இடத்தில்தான்.

கூட்டைப் பாருங்கள் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அந்த விதி உதவாத இடம் ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்துவது அதுதான். கதண்டு எப்போதும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கட்டுவதில்லை. மரப்பொந்து, மட்கிய தென்னங்கட்டையின் உள்குழி, பழைய சுவர் ஓட்டை, மண்ணில் எலி விட்டுப்போன வளை என்று எதற்குள்ளும் கட்டும். வெளியே பார்த்தால் வெறும் ஓட்டைதான். மண்வெட்டி விழும்போதோ ஜேசிபி கட்டையைப் பிடுங்கும்போதோதான் உள்ளே இருந்தது தெரியும், அப்போது தப்பிக்க நேரம் இருக்காது.

அதனால் இன்று வெயில் சாய்ந்ததும், சூரியனைப் பார்த்தபடி, கொல்லையின் ஓரத்தில் கட்டையிலிருந்தும் சுவரிலிருந்தும் முப்பது அடியாவது தள்ளி நில்லுங்கள். கால் மணி நேரம் அசையாமல் பாருங்கள். எதிர்வெயிலில் இறக்கை மின்னும், பறக்கும் பாதை தெரியும். பப்பாளிக்கு ஒன்றிரண்டு வந்து, பழத்தைச் சுற்றிவிட்டு, வேலியைத் தாண்டிப் போய்விட்டால் கூடு உங்களிடம் இல்லை. பழுத்து விழுந்த பழத்துக்குக் கதண்டு எங்கிருந்தும் வரும். காகிதத் தட்டுக் குளவியின் புழுக்களைக் கொள்ளையடிக்கவும் வரும். அதற்கு மருந்து வேண்டாம், விழுந்த பழத்தைப் பொறுக்கிவிட்டாலே போதும். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே கோட்டில், ஒரே ஓட்டைக்குள் நுழைவதும் வெளியேறுவதுமாக இருந்தால் கூடு அங்கேதான் இருக்கிறது. ஓட்டை வாயில் ஒன்றிரண்டு தலையை நீட்டி உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். பிறகு பேரனை அந்தப் பக்கம் விடாதீர்கள், நாயையும் கட்டிப்போடுங்கள்.

அந்த ஓட்டையை அடைக்க மட்டும் நினைக்காதீர்கள். சுவர் ஓட்டையைச் சிமெண்டால் பூசினால் உள்ளே இருப்பவை வேறு வழி தேடும். சுவருக்குள் ஓடும் கரண்ட் பைப் வழியாக அறைக்குள் இறங்கினால் என்ன செய்வீர்கள்? மண் வளைக்குள் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துகிறவர்களும் உண்டு. வேலியோ ஓலைக் கொட்டகையோ பற்றிக்கொள்ளும், முகம் வெந்துபோகும். குருணை மருந்தை அள்ளிக் கொட்டுகிறவர்களால் கோழி சாகும், கிணறு கெடும்.

இந்த வேலைக்கென்று ஊர் ஊராக வருகிறவர்கள் செய்வது எனக்குத் தெரியும். பகலில் வருவார்கள், கீழே நின்று விசைத்தெளிப்பானால் பீய்ச்சுவார்கள். நாலு குளவி விழும். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இரைக்குப் போயிருந்த மிச்சக் கதண்டெல்லாம் சாயங்காலம் வெறியோடு திரும்பும்போது வாசலில் நிற்பது நீங்கள்தான். இதைவிட மோசம், "ஃபயர் சர்வீஸில் நமக்கு ஆள் இருக்கிறது, கூட்டிவருகிறேன்" என்று நடுவில் புகுந்து பணம் பறிக்கிறவர்கள். தீயணைப்பு நிலையத்துக்கு நீங்களே 101 அல்லது 112-ல் பேசுங்கள். யாருடைய சிபாரிசும் வேண்டாம். கூடு எங்கே, எவ்வளவு உயரத்தில், பக்கத்தில் ஓலைக்கூரை, மின்கம்பி உண்டா என்று தெளிவாகச் சொல்லுங்கள். பகலில் வந்து பார்த்துவிட்டு இருட்டிய பிறகு வருகிறோம் என்றால் கோபப்படாதீர்கள். எல்லாம் கூட்டுக்குள் அடங்கிய பிறகு செய்வதுதான் சரியான வேலை.

இன்னொரு வியாபாரம், செல்போன் வீடியோவைக் காட்டி "ஆளைக் கொல்லும் ராட்சதக் குளவி வந்துவிட்டது" என்பது. அந்த வீடியோவில் இருப்பது வெஸ்பா மண்டாரினியா. அதன் ராணி ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும். அது இமயமலை அடிவாரம், வடகிழக்கு மாநிலங்கள், சீனா, ஜப்பான் பக்கத்து இனம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்குள் 2019-ல் நுழைந்து, 2024 டிசம்பரில் ஒழிக்கப்பட்டதாக அறிவித்தார்களே, அதே குளவி. பட்டுக்கோட்டைக் கொல்லையில் அது இல்லை.

உங்களைப் போல இது எந்தக் குளவி என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே, அது எந்த அலுவலகத்தின் வேலை? ஒன்று இன்னொன்றைக் கை காட்டும். பயிரைத் தின்னும் பூச்சிக்குத் துறை இருக்கிறது, ஆளைக் கொட்டும் பூச்சியைக் கேட்பாரில்லை. நூறு நாள் வேலைக்குப் போன பெண்களைக் கொட்டியது என்று செய்தி வரும், "விஷ வண்டு" என்று போடுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். ஏரிக்கரையில் வேலை தொடங்கும்முன் பனைமரங்களை அண்ணாந்து பார்க்க ஒரு ஆளைப் போட எவ்வளவு செலவாகும்?

ஒருவேளை கொட்டிவிட்டால் கையை வீசாமல் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு வேகமாக விலகி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். கதண்டு கொடுக்கை விட்டுப் போகாது, தோலைத் தோண்டித் தேடாதீர்கள். சுண்ணாம்பு தடவுவதால் பயனில்லை, ஐஸ் வையுங்கள். மூச்சு திணறினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, தலை சுற்றினாலோ, முகத்திலும் தொண்டையிலும் கொட்டியிருந்தாலோ, ஒரே கொட்டாக இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். உடனே போட வேண்டியது அட்ரினலின் ஊசி, வீட்டு வைத்தியத்தில் நேரத்தைப் போக்காதீர்கள். பத்துக்கு மேல் கொட்டியிருந்தால் ஆள் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கறுத்துப் போனாலோ குறைந்தாலோ சிறுநீரகம் அடிபடுகிறது என்று அர்த்தம். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே என்று இருக்காமல் திரும்பப் போங்கள்.

செத்த குளவி கையில் கிடைத்தால் ஒரு தீப்பெட்டியில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். சீட்டில் "பூச்சிக்கடி" என்று எழுதிக் கொடுத்தால், "கதண்டு, இத்தனை இடத்தில் கொட்டியது" என்று சேர்த்து எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.