வண்டிக் கேள்வி பதில்: மலையில் பழைய பைக்கின் பேட்டரி

கேள்வி: என்னுடையது 2008 மாடல் பைக். மார்கழி பிறந்தால் போதும், காலையில் செல்ஃப் எடுப்பதே இல்லை, ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மலைக்குளிரில் பேட்டரி நிற்கவே நிற்காதா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: நிற்கும். குளிரில் பேட்டரியின் சக்தி குறைவதும், ஆயில் கெட்டியாகி இன்ஜினைச் சுற்றவே கூடுதல் கரண்ட் தேவைப்படுவதும் உண்மைதான், ஆனால் முழு சார்ஜில் இருக்கும் நல்ல பேட்டரி ஊட்டியின் உறைபனிக் காலையிலும் வண்டியைக் கிளப்பிவிடும். உங்கள் பேட்டரி அரை சார்ஜிலேயே கிடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. அப்படிக் கிடந்தால் உள்ளே தகடுகளில் படியும் ஈய சல்பேட் நாளாக நாளாக இறுகிவிடும், அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து தோட்டத்துக்கு என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, ஒவ்வொரு தடவையும் செல்ஃப் போட்டால் எடுத்த கரண்ட் திரும்ப ஏற நேரமே இல்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டைக் கிக்கரில் போடுங்கள். வாரம் ஒரு நாளாவது அரை மணி நேரம் விடாமல் ஓட்டுங்கள்.

மூன்றாவது பேட்டரி வாங்குவதற்கு முன் பேட்டரியில் ஒரு மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள், தயவுசெய்து. காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது, 12.4 என்றால் முக்கால் சார்ஜ், 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. பிறகு வண்டியைக் கிளப்பி கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். ரேஸ் கொடுத்தும் 13 தாண்டவில்லை என்றால் காயில் (கரண்ட் உண்டாக்கும் சுருள்), ஆர்.ஆர். யூனிட் (பேட்டரிக்குப் போகும் கரண்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபையர்), எர்த் ஒயர் இவற்றில் ஒன்றில் கோளாறு. 15-க்கு மேல் ஏறினால் ஆர்.ஆர். யூனிட் போய்விட்டது, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றிவிடும். இதைப் பார்க்காமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இதே வழியில்தான் போகும்.

பனிமூட்டத்துக்காகக் கூடுதல் விளக்கு மாட்டியிருந்தால் அதையும் கவனியுங்கள். 55 வாட் விளக்கு ஒன்று நாலரை ஆம்பியர் இழுக்கும். பழைய வண்டியின் சார்ஜிங் அதைத் தாங்காது. நானும் ஒரு தடவை அப்படி மாட்டி, ஒரு நல்ல பேட்டரியைக் கெடுத்துக்கொண்டேன்.

கேள்வி: குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு நியூட்ரலில் வருவேன். சக்கரம் சுற்றுவதால் பேட்டரி சார்ஜ் ஆகும்தானே? (வாசகர், குன்னூர்)

பதில்: ஆகாது. இன்ஜின் சுற்றினால்தான் அதோடு சேர்ந்து கரண்ட் உண்டாக்கும் மேக்னட் சுற்றும், அப்போதுதான் சார்ஜ். நீங்கள் சாவியை ஆனில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி பர்லியார் வரை இறங்கினால், 21 வாட் பிரேக் பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கணக்கில் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கும், சிறிய வண்டிகளில் பேட்டரியே 2.5 ஆம்பியர்-மணிதான் (ஆம்பியர்-மணி என்பது பேட்டரியின் கொள்ளளவு, அதன் மேலேயே எழுதியிருக்கும்). அதைவிட எனக்குப் பெரிய பயம் உங்கள் உயிரைப் பற்றி. கொண்டை ஊசி வளைவுகளில் முழுப் பாரமும் பிரேக் மேல் விழுந்து, டிரம் சூடேறினால் பிரேக் பிடிக்காது. இன்ஜினை ஓடவிட்டு இரண்டாவது கியரில் இறங்குங்கள், வண்டியும் கட்டுக்குள் வரும், பேட்டரியும் சார்ஜ் ஆகும்.

கேள்வி: இரண்டு மாதம் வெளியூர் போகிறேன். வண்டியை ஊட்டி வீட்டில் என்ன செய்துவிட்டுப் போகட்டும்? (வாசகி, ஊட்டி)

பதில்: முழுதாகச் சார்ஜ் செய்து, நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வையுங்கள். கடையில் சார்ஜ் போடக் கொடுத்தால், ஆம்பியர்-மணியில் பத்தில் ஒரு பங்கு கரண்ட்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள், கார் பேட்டரிகளோடு சேர்த்துப் போட்டால் உங்கள் சின்ன பேட்டரி வெந்துவிடும். மூடி திறக்கிற ரகமாக இருந்தால் இரண்டு கோட்டுக்கு நடுவில் டிஸ்டில்டு வாட்டர் இருக்கட்டும், குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சோடா உப்பு கரைத்த வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து துடைத்து, காய்ந்ததும் வாசலைன் தடவுங்கள். திரும்பி வந்ததும் முதலில் வோல்ட்டைப் பாருங்கள், 12.4-க்குக் கீழே இருந்தால் செல்ஃபைத் தொடாமல் சார்ஜுக்குக் கொடுத்துவிடுங்கள்.