டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாணவராக மாற முடியுமா?

கேள்வி: என் மகன் பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஜெர்மனியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில், ஆங்கிலவழி முதுநிலைப் படிப்புக்கு, வரும் அக்டோபரில் தொடங்கும் பருவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழும் வாங்கிவிட்டான். எங்களுக்கு உதவும் ஏஜென்ட், "மாணவர் விசாவுக்கு நாளாகும், டூரிஸ்ட் விசாவில் போய்ச் சேர்ந்துவிட்டு அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார். காட்ட வேண்டிய பணத்தையும் ஒரு வார வட்டிக்குத் தானே ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். கணவர் இல்லாத எனக்குத் தையல் கடையும் வீட்டுப் பத்திரமும்தான் இருக்கின்றன. அவர் சொல்வதைக் கேட்கலாமா? முதல் ஒரு மாதம் நானும் மகனுடன் போய் இருந்து வர முடியுமா? – ஒரு வாசகி, கரூர்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

டூரிஸ்ட் விசா யோசனையை இன்றே கைவிட்டுவிடுங்கள். ஜெர்மானிய வதிவிடச் சட்டத்தின்படி, நீண்ட காலம் தங்கிப் படிக்கப் போகிறவர் அதற்குரிய தேசிய விசாவைத் தம் நாட்டிலேயே பெற்றுக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். அமெரிக்கா, கனடா, ஜப்பான், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும், விசா இல்லாமல் போய் இறங்கி அங்கேயே வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் சலுகை உண்டு. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. யாரோ ஒரு கனடாக்காரர் அப்படிச் செய்ததைக் கேள்விப்பட்டு, நம்மவர்களுக்கும் அது பொருந்தும் என்று உங்கள் ஏஜென்ட் நினைத்திருக்கலாம். அல்லது பொருந்தாது என்று தெரிந்தே சொல்லியிருக்கலாம்.

டூரிஸ்ட் விசா என்று நாம் சொல்வது, ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவைத்தான். எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள்களுக்கு மேல் அதில் தங்க முடியாது. 2025 அக்டோபர் முதல் நுழைவும் வெளியேற்றமும் கணினியில் பதிவாகத் தொடங்கிவிட்டதால், பாஸ்போர்ட்டில் விழும் முத்திரையை நம்பிக் கணக்குக் காட்டும் காலமும் முடிந்துவிட்டது. இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பல்கலைக்கழகச் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சுற்றிப் பார்க்கத்தான் போகிறேன்" என்று உங்கள் மகன் கையெழுத்திட்டால் அது பொய் வாக்குமூலம். அது வெளிப்பட்டு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், ஷெங்கன் நாடுகள் அனைத்தும் பார்க்கக்கூடிய விசாத் தகவல் தொகுப்பில் அந்தப் பதிவு ஐந்து ஆண்டுகள் இருக்கும். பின்னால் அவர் உண்மையான மாணவராக விண்ணப்பிக்கும்போது அதற்கும் சேர்த்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

உங்கள் மகனுக்குப் பொருந்தும் தேசிய விசா, மாணவர் விசா ஒன்றே. இதோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இன்னொரு விசாவும் இருக்கிறது. இன்னும் சேர்க்கை உறுதியாகாமல், அங்கே போய் நுழைவுத் தேர்வு எழுதவோ இடம் தேடவோ போகிறவர்களுக்கு விண்ணப்பதாரர் விசா என்று ஒன்றைத் தருகிறார்கள். சேர்க்கை உறுதியாகிவிட்ட உங்கள் மகனுக்கு அது தேவையில்லை. விண்ணப்பத்தில் தவறிப்போய் அதைத் தேர்ந்தெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்திய மாணவர்களின் விசா விண்ணப்பத்துக்கு ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பர் முதல் கட்டாயமாகிவிட்டது. பலர் கடைசி நேரத்தில் இதற்காகத்தான் தவிக்கிறார்கள். உங்கள் மகன் அதை முன்பே வாங்கி வைத்திருப்பதால் பாதிக் கிணறு தாண்டிவிட்டார் என்றே சொல்வேன்.

மீதிப் பாதி பணம். ஏஜென்ட் சொல்லும் ஒரு வார வட்டிப் பணம் இங்கே எடுபடாது என்பதை நிதானமாகப் புரிந்துகொள்ளுங்கள். சில நாடுகள் வங்கிக் கணக்கின் இருப்பைக் காட்டினால் போதும் என்கின்றன, அதனால்தான் இப்படி வாடகைக்குப் பணம் வைக்கும் வழக்கமே வளர்ந்தது. ஜெர்மனிக்குப் பெரும்பாலான மாணவர்கள் காட்டுவது 'பிளாக்டு அக்கவுண்ட்' எனப்படும் முடக்கப்பட்ட கணக்கு. ஓராண்டுச் செலவுக்கான 11,904 யூரோவை விண்ணப்பிப்பதற்கு முன்பே அந்தக் கணக்கில் செலுத்திவிட வேண்டும். ஒரு யூரோ 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 12 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தை மகன் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோ வீதம்தான் எடுக்க முடியும். ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுப்பதற்கு அதில் வழியே இல்லை. ஆகவே ஏஜென்ட் ஏற்பாடு செய்கிறேன் என்பது உண்மையில் ஓராண்டுக் கடனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் போலி ஆவணமாக இருக்க வேண்டும். முன்னது உங்கள் வீட்டை விழுங்கும், பின்னது உங்கள் மகனின் எதிர்காலத்தை விழுங்கும்.

அந்தத் தொகை கல்விக் கடனிலிருந்து வந்தாலும் தூதரகத்துக்கு ஆட்சேபம் கிடையாது. பொதுத்துறை வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் பொதுவாகச் சொத்துப் பிணை கேட்பார்கள். உங்கள் வீட்டுப் பத்திரத்துக்கு வேலை வரும் இடம் அதுதான். பத்திரம் வங்கியில் இருப்பதும் வட்டிக்கடையில் இருப்பதும் ஒன்றல்ல என்பதைக் கரூரில் தொழில் செய்யும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கடன் அனுமதிக்குச் சில வாரங்கள் ஆகும் என்பதால், விசா வேலைகளில் முதலில் தொடங்க வேண்டியது இதுவே.

பகுதிநேர வேலை செய்தே உங்கள் மகன் எல்லாவற்றையும் சமாளித்துவிடுவார் என்று யாராவது சொன்னால் அதையும் பாதியாகக் குறைத்துக் கேளுங்கள். மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் போன முதல் சில மாதங்களில், ஜெர்மன் மொழி சரளமாக வராத நிலையில், வேலை கிடைப்பதே பெரும்பாடு. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, பருவத்துக்கு ஒருமுறை கட்டும் சிறு தொகை மட்டுமே உண்டு. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் புதிதாகச் சேரும் அத்தகைய மாணவர்களிடம் கட்டணம் வாங்குகிறது. சேர்க்கைக் கடிதத்தை ஒருமுறை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

தேசிய விசாவுக்கான விண்ணப்பத்தை இப்போது ஜெர்மன் வெளியுறவுத் துறையின் தூதரகச் சேவைத் தளத்தில் இணையவழியே நிரப்பி, ஆவணங்களையும் அதிலேயே ஏற்றலாம். பிறகு நேரில் ஒருமுறை போய்க் கைரேகை கொடுத்து அசல் ஆவணங்களைக் காட்ட வேண்டும். கட்டணம் 75 யூரோ. இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று விளக்கும் கடிதத்தை மட்டும் தயவுசெய்து ஏஜென்ட்டின் அச்சு வார்ப்பில் எழுதிவிட வேண்டாம். இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலையில் என்ன செய்தார், அங்கே எது தமக்குத் தெரியவில்லை என்று உணர்ந்தார், இந்தப் படிப்பின் எந்தப் பாடம் அந்தக் குறையை நிரப்பும் என்பதை உங்கள் மகனே தம் சொந்த ஆங்கிலத்தில் எழுதட்டும். இலக்கணப் பிழை இரண்டு இருந்தாலும் பாதகமில்லை.

விசா முடிவுக்குப் பல வாரங்கள் ஆவது உண்மைதான், அந்த அளவில் ஏஜென்ட்டின் கவலை நியாயமானதே. அதற்கு மாற்று வேறு விசா அல்ல. பல்கலைக்கழகத்தின் சர்வதேச அலுவலகத்துக்கு மகன் இப்போதே எழுதி, பதிவு செய்வதற்கான கடைசி நாள் எது, தாமதமாக வர அனுமதி உண்டா, இந்தப் பருவம் தவறினால் இடத்தை அடுத்த பருவத்துக்கு மாற்றித் தருவார்களா அல்லது புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்கிவைத்துக்கொள்ளட்டும். அவசரத்தில் அரைகுறையாக விண்ணப்பிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. முன்பு விசா மறுக்கப்பட்டால் தூதரகத்திடமே மறுபரிசீலனை கேட்கலாம். 2025 ஜூலை முதல் அந்த வழியை மூடிவிட்டார்கள். இப்போது மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும்.

இனி உங்கள் பயணம். நீங்கள் உண்மையாகவே ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பப் போகிறவர் என்பதால், டூரிஸ்ட் விசா உங்களுக்குத்தான் பொருந்தும். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடையின் வருமான வரிக் கணக்கு, வங்கி அறிக்கை, வீட்டுப் பத்திரத்தின் நகல் ஆகியவை நீங்கள் திரும்பி வருவீர்கள் என்பதற்குச் சாட்சி சொல்லும். ஆனாலும் மகனோடு சேர்ந்து இப்போதே போக வேண்டாம் என்பது என் எண்ணம். முதல் மாதம் அவர் முகவரிப் பதிவு, மருத்துவக் காப்பீடு, வங்கிக் கணக்கு, வதிவிட அனுமதி என்று அலுவலகம் அலுவலகமாக அலைவார். மாணவர் விடுதி அறையில் உங்களைத் தங்கவைக்க முடியுமா என்பதும் சந்தேகமே. அடுத்த ஆண்டு மே, ஜூனில், குளிர் போன பிறகு போய் வாருங்கள். வயிறு நிறையச் சமைத்துப் போடவும் அப்போது அவரிடம் ஓர் அடுப்பு இருக்கும்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் மகனின் பாஸ்போர்ட், அசல் மதிப்பெண் சான்றிதழ்கள், ஏபிஎஸ் சான்றிதழ் ஆகியவற்றில் எதுவும் ஏஜென்ட்டிடம் இருந்தால் இந்த வாரமே நேரில் போய் வாங்கிவிடுங்கள். விண்ணப்பத் தளத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஏஜென்ட் தம் மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்திருந்தால், அதை உங்கள் மகனின் முகவரிக்கு மாற்றி, கடவுச்சொல்லையும் புதிதாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.