சுவத்துல நிக்கிற பெரிய கொசு

அண்ணே வணக்கம், நான் மேலூர் பக்கம். ஐப்பசி மழை ஆரம்பிச்சதுல இருந்து ராத்திரியானா வீட்டு சுவத்துல விரல் நீளத்துக்கு ஒரு கொசு வந்து உக்காருது, காலே அம்புட்டு நீளம், வால்ல ஊசி வேற. டெங்கு கொசுவா இருக்குமோன்னு அம்மா பயப்படுறாங்க, நானும் கொசு பேட்டோடதான் சுத்துறேன். இது கடிக்குமாண்ணே?

தம்பி, மொதல்ல அந்த பேட்டை கீழ வைங்க. அது கொசுவே இல்ல, கிரேன் ஃப்ளை. அதால கடிக்க முடியாது, ரத்தம் உறிஞ்சுற குழலே அது வாயில கிடையாது, பல வகைங்க வளந்தப்புறம் தண்ணியோ பூத்தேனோ கொஞ்சம் குடிச்சா உண்டு, கொஞ்ச நாள்தான் உசுரோட இருக்கும், அதுக்குள்ள ஜோடி சேந்து முட்டை வச்சாகணும். நீங்க பாத்த ஊசியும் கொடுக்கு இல்ல, பொட்டைப்பூச்சி ஈர மண்ணுக்குள்ள முட்டைய எறக்குறது அதுலதான். ஆணுக்கு வால் நுனி மழுங்கிதான் இருக்கும்.

அடிக்கிறதுக்குப் பதிலா டார்ச் அடிச்சு கிட்டப் போய் பாருங்க. றெக்கைக்கு பின்னால ரெண்டு பக்கமும் குண்டூசி மாதிரி தலை உருண்ட காம்பு ஒண்ணு நிக்கும். ஈ, கொசு எல்லாத்துக்கும் அது உண்டு, ஆனா வெறுங்கண்ணுக்கு இம்புட்டு தெளிவா தெரியிறது இதுலதான். ஆதியில அது பின் றெக்கை, இப்ப பறக்குறப்ப றெக்கையோட சேந்து அடிச்சுக்கிட்டே உடம்பு எங்கிட்டு சாயுது எங்கிட்டு திரும்புதுன்னு பூச்சிக்கு உணர்த்துது. காலப் புடிச்சு மட்டும் தூக்கிராதீங்க, கையோட வந்துரும். பல்லியோ சிலந்தியோ கவ்வுனா கால விட்டுட்டு தப்பிக்கிறதுக்குத்தான் அப்படி, ஆனா போன கால் திரும்ப மொளைக்காது, நாலு காலோட ஒட்டிக்கிட்டு நிக்கிறதப் பாத்தா எனக்கு மனசு கேக்காது.

மழைக்கு ஏன் வருதுன்னா, ஆயுசுல முக்காவாசி அது புழுவா ஈரத்துலதான் கெடக்கும். கண்மாய்க் கரை மண்ணு, வாய்க்கா ஓரம், ஓடையில ஊறுற சருகு, மக்குன மரம்னு எங்க ஈரமோ அங்க. வால் நுனியில ரெண்டு மூச்சு ஓட்டை, அதச் சுத்தி சதை மடல். சருகத் தின்னு பொடியாக்கும், மீனுக்கும் பறவைக்கும் இரையாகும். ஐரோப்பாவுல சில வகை புல்லு வேரத் தின்னு, 1935ல லார்ட்ஸ் கிரிக்கெட் மைதானத்தையே நாசம் பண்ணுச்சு, அதுக்காக எல்லாத்தையும் அந்தக் கணக்குல சேத்தா ஞாயம் இல்ல, உலகத்துல 15,000 வகைக்கு மேல இருக்கு. அதுல 11,000க்கு மேல விவரிச்சு பேர் வச்சது அமெரிக்காக்காரர் சார்லஸ் அலெக்சாண்டர் ஒருத்தரே, நெனச்சாலே மலைப்பா இருக்கு.

டெங்கு கொசு ரொம்பச் சின்னது தம்பி. கறுப்பு உடம்பு, கால்ல வெள்ளைப் பட்டை, பெரும்பாலும் பகல்லதான் கடிக்கும். பழைய டயரு, பெயின்ட் டப்பா, ஃப்ரிட்ஜ் பின்னால இருக்குற தட்டு, இதுல தேங்குற தண்ணிய அம்மாவ வாரம் ஒருக்கா கொட்டச் சொல்லுங்க. சுவத்துல நிக்கிறது மேல டம்ளரக் கவுத்து, அடியில ஒரு அட்டைய சொருகி, வெளிய செடிப்பக்கம் விட்ருங்க, விளிம்புல கால் மாட்டாம பாத்துக்கங்க.